கியோட்டோவில் சைக்கிளை எங்கே நிறுத்துவது?

வாசகர் கேள்வி – பதில்

கியோட்டோ நகரை வசந்த காலத்தில் பார்ப்பதற்கு வாடகைச் சைக்கிளைவிட நல்ல வாகனம் கிடையாது என்று சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒற்றை வரிக்கு இம்மாதம் வந்து சேர்ந்த கடிதங்கள் மேசையில் இருந்த மற்றக் கேள்விகளையெல்லாம் ஓரம்கட்டிவிட்டன. எழுதியவர்களில் சிலருடைய பிள்ளைகள் ஜப்பானில் வேலை செய்கிறார்கள். சிலர் பயணச்சீட்டு எடுத்துவிட்டு எழுதியிருக்கிறார்கள். சிலர் போகப் போவதில்லை, ஆனால் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். ஆகையால் இம்மாதப் பக்கங்களை இந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் பயிற்சி ஒன்றுக்காக அந்த நகரில் தங்கியிருந்தபோது ஒரு வசந்தமும், பின்னர் விருந்தாளியாகப் போனபோது இன்னொரு வசந்தமும் சைக்கிளில் சுற்றியிருக்கிறேன் என்பதே எனக்குள்ள தகுதி.

கேள்வி: என் மகன் ஒசாகாவில் பணிபுரிகிறார். எதிர்வரும் வசந்த காலத்தில் வந்து தங்கும்படி அழைக்கிறார். எனக்கு 62 வயது. ஓய்வு பெறும்வரை சைக்கிளில்தான் பாடசாலைக்குச் சென்றுவந்தேன். கியோட்டோவைச் சைக்கிளில் சுற்றுவது என் வயதுக்கு ஏற்றதா? எந்த நாட்களில் போனால் செர்ரி மலர்களைக் காணலாம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, உவர்மலை

பதில்: உவர்மலை ஏற்றத்தில் ஆண்டுக்கணக்காகச் சைக்கிள் மிதித்த ஒருவரைக் கியோட்டோவின் நில அமைப்பு பயமுறுத்தாது, ரீச்சர். கி.பி. 794 ஆம் ஆண்டில் தலைநகராக அமைக்கப்பட்டபோதே, சீனத்துச் சாங்கான் நகரை மாதிரியாகக் கொண்டு, சதுரங்கப் பலகை போல வீதிகள் கோடு பிடித்து வகுக்கப்பட்ட நகரம் அது. வடக்கு, கிழக்கு, மேற்கு ஆகிய மூன்று பக்கங்களிலும் மலைகள் நிற்க, நடுவில் உள்ள தட்டு நிலம் வடக்கிலிருந்து தெற்கு நோக்கிக் கண்ணுக்குத் தெரியாத அளவில் சரிந்து வருகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவை உள்ளூர்க்காரர்களின் நாக்கு அறிந்து வைத்திருக்கிறது: முகவரி சொல்லும்போது வடக்கே போவதை "அகரு", அதாவது ஏறுதல் என்றும், தெற்கே போவதை "சகரு", அதாவது இறங்குதல் என்றும்தான் சொல்வார்கள். சைக்கிள்காரருக்கு இதனால் ஒரு பயன் உண்டு. காலையில் உடம்பில் தெம்பு இருக்கும்போது வடக்கே ஏறிவிட்டால், பின்னேரம் களைத்த கால்களோடு திரும்புகையில் நிலமே உங்களை இறக்கிவிடும். உண்மையான மேடுகள் கிழக்கு மலையடிவாரத்துக் கோயில்களை நெருங்கும்போதுதான் வரும். பிரட்றிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் சந்நிதிக்கு ஏறுகிற ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு நடப்பதே நல்லது.

நாட்களைப் பொறுத்தவரை, நம்மவர்களுக்கு எளிதாக நினைவில் நிற்கும் கணக்கு ஒன்று இருக்கிறது: பங்குனியின் பிற்பாதி. மார்ச் கடைசி வாரத்தில் மொட்டவிழ்ந்து ஏப்ரல் முதல் வாரத்தில் நிறைந்து நிற்பது வழக்கம். சித்திரை வருடப்பிறப்பு வரும்போது பெரும்பாலான மரங்களில் தளிர் வந்துவிடும். நகரெங்கும் நிற்கும் சோமெய் யோஷினோ வகை மரங்கள் ஒட்டுக்கட்டியே பெருக்கப்பட்டவை. ஒரே மரத்தின் பிரதிகள் என்பதால் ஓரிடத்தில் உள்ளவை எல்லாம் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாகப் பூத்து ஒன்றாகக் கொட்டும். முதற் பூவிலிருந்து முழு மலர்ச்சிக்கு ஏறத்தாழ ஒரு கிழமை, அதன்பின் நிற்பது இன்னொரு கிழமை. நடுவில் பெருமழை பெய்தால் அதுவும் இல்லை. கியோட்டோவில் மலர்ச்சி நாளைக் குறித்த பதிவுகள் ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்தே நாட்குறிப்புகளில் கிடைப்பதால், காலநிலை ஆய்வாளர்கள் அவற்றைக் கோத்து 1,200 ஆண்டு நீளமுள்ள ஒரு கணக்கை வைத்திருக்கிறார்கள். 2021 ஆம் ஆண்டில் முழு மலர்ச்சி மார்ச் 26 ஆம் திகதியே வந்துவிட்டது. அந்த நீண்ட கணக்கிலேயே அதுவரை அவ்வளவு முந்தியதொரு நாள் இருந்ததில்லை. எனவே பயணச்சீட்டை ஏப்ரல் முதல் வாரத்தை மட்டும் நம்பி எடுக்காமல், மார்ச் 26 அளவில் தொடங்கி இரண்டு கிழமைகள் இருக்கும்படி எடுங்கள். பிந்திப் போனாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. நின்னாஜி கோயிலில் ஆளுயரத்துக்குச் சற்று மேல் மட்டுமே வளரும் ஒமுரோ வகை மரங்கள் ஏப்ரல் நடுப்பகுதியில்தான் பூக்கும்.

ஒரு எச்சரிக்கை: அந்த நாட்களில் இங்கே நமக்கு வியர்த்துக் கொட்டும். அங்கே காலையில் வெப்பம் ஐந்தாறு பாகைக்கு இறங்கி நிற்கும். மதியத்தில் பதினைந்தைத் தொட்டால் நல்ல நாள். பூக்கும் காலத்தில் திரும்பி வரும் இந்தக் குளிருக்கு "ஹனாபியே", பூக்குளிர் என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். சைக்கிளில் முதலில் விறைப்பது விரல்கள், கையுறை கொண்டுபோங்கள்.

கேள்வி: வாடகைக்கு எடுப்பது எப்படி? என்னென்ன கேட்பார்கள்? எவ்வளவு முடியும்?
– பல்கலைக்கழக மாணவர், கிண்ணியா

பதில்: தம்பி, ஒரு நாள் வாடகை சாதாரணச் சைக்கிளுக்கு ஏறத்தாழ 1,000 முதல் 1,500 யென், பற்றரி உதவியோடு ஓடுவதற்கு 2,000 யென்னைச் சுற்றி இருக்கும். ஒரு யென்னுக்கு இப்போது நம் காசில் ஏறத்தாழ இரண்டு ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கடவுச்சீட்டைக் காட்டச் சொல்வார்கள். ஒரு படிவத்தில் தங்குமிடத்தின் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதுவீர்கள். பூ நாட்களில் காலை ஒன்பது மணிக்குப் பின் போனால் நல்லவை எல்லாம் போயிருக்கும். முன்பதிவு செய்வது புத்தி. கடை மூடும் நேரத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னேரம் ஐந்து, ஆறு மணிக்கே கதவு சாத்துகிற கடைகள் இருக்கின்றன. கைத்தொலைபேசிச் செயலி மூலம் ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் விடுகிற சைக்கிள்களும் உண்டு. அவை சிறு தூரத்துக்கு வசதியானவை. ஒரு முழு நாளுக்குக் கடையில் ஆளிடம் எடுப்பதையே நான் விரும்புவேன். உங்கள் உயரத்துக்கு இருக்கையைத் தூக்கித் தருவார், போகிற வழியில் எங்கே கூட்டம் என்றும் சொல்வார்.

தருவது பெரும்பாலும் முன்னால் கூடை, பின்னால் கரியர், குறுக்குச் சட்டம் இல்லாத தாழ்ந்த உடல் கொண்ட வண்டி. அம்மாமார் ஓட்டுகிற வண்டி என்ற பொருளில் இதை "மமாச்சரி" என்பார்கள். இளைஞர்கள் வெட்கப்பட வேண்டாம். கழுத்துப்பட்டி கட்டிய அலுவலர்களும் அதில்தான் போகிறார்கள். பற்றரி வண்டியில் மிதித்தால்தான் மோட்டார் உதவும். மணிக்கு 24 கிலோமீற்றரைத் தாண்டியதும் உதவி நின்றுவிட வேண்டும் என்பது சட்டம். உங்கள் வயதுக்கு அது தேவையில்லை. மேலே எழுதிய ஆசிரியைக்குச் சிபாரிசு செய்கிறேன்.

காப்புறுதி பற்றி மறக்காமல் கேளுங்கள். கியோட்டோவில் சைக்கிள் ஓட்டுபவர் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான காப்புறுதி 2018 ஆம் ஆண்டு முதல் கட்டாயம். பெரும்பாலான கடைகள் அதை வாடகையிலேயே சேர்த்துவிடும். சேர்த்திருக்கிறதா என்று கேட்பது ஓட்டுபவர் பொறுப்பு.

கேள்வி: இதற்குச் சாரதி அனுமதிப்பத்திரம் தேவையா?
– முச்சக்கர வண்டி ஓட்டுநர், அபயபுரம்

பதில்: தேவையில்லை. விசா தேவை.

கேள்வி: நம் ஊரில் பின்னால் ஒருவர், முன்பாரில் ஒருவர் என்று மூவர் போவது சாதாரணம். அங்கே பொலிஸ் பிடிக்குமா? வேறென்ன விதிகள்?
– வாசகர், பாலையூற்று

பதில்: பிடிக்கும். ஜப்பானியச் சட்டத்தில் சைக்கிள் ஒரு வாகனம். 2026 ஏப்ரல் 1 ஆம் திகதி முதல், 16 வயதும் அதற்கு மேலும் ஆன சைக்கிள் ஓட்டுநர்களுக்கு அவ்விடத்திலேயே நீலச் சீட்டு எழுதித் தண்டப்பணம் விதிக்கும் முறை நடைமுறையாகிறது. இருவர் ஏறிப் போனால் 3,000 யென். நண்பரோடு கதைத்துக்கொண்டு பக்கத்துக்குப் பக்கமாகப் போனாலும் 3,000. ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு ஓட்டினால் 5,000. சிவப்பு விளக்கைத் தாண்டினால் 6,000. கைத்தொலைபேசியைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் 12,000. சுற்றுலாப் பயணிகள் அகப்படக்கூடியது இதில்தான், ஏனென்றால் வழி பார்க்கத்தானே என்று நினைத்து வரைபடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டே போவார்கள். மரத்தடியில் விருந்து வைத்து அரிசி மது குடித்துவிட்டுச் சைக்கிளில் ஏறுவது சீட்டோடு முடிகிற காரியமன்று. 2024 நவம்பரில் கடுமையாக்கப்பட்ட சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 500,000 யென் வரை தண்டம்.

நமக்கு வாய்ப்பான செய்தி, அங்கும் வாகனங்கள் இடப்பக்கம்தான். நீங்கள் வீதியின் இடது ஓரமாகப் போக வேண்டும். வலப்பக்கம் திரும்புவதற்கு வாகனங்களுக்கு நடுவே குறுக்கே வெட்டக்கூடாது; முதலில் சந்தியை நேராகக் கடந்து, மறுகரையில் நின்று, வண்டியைத் திருப்பி, அந்தப் பக்கத்துப் பச்சை விளக்குக்காகக் காத்திருந்து போக வேண்டும். தலைகீழான சிவப்பு முக்கோணத்தைக் கண்டால் கால் தரையில் படும்படி நில்லுங்கள். "தொமாரே", நில், என்பதே அதில் எழுதியிருப்பது. நடைபாதையில் ஓட்டுவது அனுமதிப் பலகை உள்ள இடங்களில் மட்டும். 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 70 வயதும் அதற்கு மேலும் ஆன முதியோருக்கும் அதில் சலுகை உண்டு. நடைபாதையில் மணியடித்து மனிதரை விலகச் சொல்வது குற்றமும் அநாகரிகமும் ஆகும். நம் ஊரில் மணி ஒரு முகமன் போன்றது. ஆகவே இதற்குப் பழக எனக்குத்தான் நாளெடுத்தது. தலைக்கவசம் 2023 ஏப்ரல் முதல் எல்லா வயதினரும் அணிய முயல வேண்டியது என்று சட்டம் சொல்கிறது. அணியாவிட்டால் தண்டம் இல்லை. கடையில் கேட்டு வாங்கி அணியுங்கள்.

இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் சட்டத்தின் பார்வையில் நீங்கள் பாதசாரி. இந்த ஒரு விதியை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நிஷிகி சந்தையிலும், அதைத் தொட்டுக்கொண்டு செல்லும் கூரை வேய்ந்த கடைத்தெருக்களிலும் ஓட்டுவதற்கு இடமில்லை. தள்ளுவதற்கும் பூ நாட்களில் இடம் இருக்காது.

கேள்வி: சைக்கிளை எங்கே நிறுத்துவது? கோயில் வாசலில், மரத்தடியில் விடலாமா? களவு போகுமா?
– வங்கி ஊழியர், உப்புவெளி

பதில்: வந்த கடிதங்களில் இதைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். ஆனால் கியோட்டோச் சைக்கிள் பயணத்தில் அறிய வேண்டியதில் பாதி இதுவே. ஓட்டுவது நமக்குத் தெரியும். நிறுத்துவதைத்தான் படிக்க வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். முதல் வசந்தத்தில், கவராமாச்சி வீதியருகே ஒரு கட்டடத்தின் சுவரோரமாகப் பத்துப் பதினைந்து சைக்கிள்கள் நிற்பதைக் கண்டு, இவ்வளவு பேர் விட்டிருக்கிறார்களே என்ற துணிவில் நானும் என்னுடையதைச் சொருகிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது சுவர் இருந்தது. சைக்கிள் ஒன்றுகூட இல்லை. தரையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. களவு என்று நினைத்து நான் பதறியதைக் கண்ட பூக்கடைப் பெண்மணி ஒருவர், தாளைச் சுட்டிக்காட்டி, இரு கைகளாலும் எதையோ தூக்கி லொறியில் வைப்பது போல நடித்துக் காட்டினார். மாநகரத்தார் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அது வாடகை வண்டி என்பதால் முதலில் கடைக்காரரிடம் தலைகுனிந்து நின்று, பிறகு சாவியையும் கடவுச்சீட்டையும் கொண்டு நகரின் ஒதுக்குப்புறத்தில் இருந்த காப்பிடத்துக்குப் பஸ் ஏறிப் போய், சில ஆயிரம் யென் கட்டி, வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கில் நின்றவற்றுள் என்னுடையதைத் தேடி எடுத்து வந்து சேர்ந்தபோது பூப் பார்க்க வைத்திருந்த நாளில் பாதி போயிருந்தது. பத்துப் பேர் செய்வதால் ஒரு செயல் சரியாகிவிடாது என்று எனக்குப் பாடம் எடுத்த நகரம் அது. அதே தவற்றை நம் ஊரில் இன்றும் செய்கிறேன் என்பது வேறு.

எனவே நிறுத்துவதற்கான இடத்தை முதலில் வரைபடத்தில் பார்த்துவிட்டு, அதன்பின் எங்கே போவது என்று தீர்மானியுங்கள். கட்டணத் தரிப்பிடங்கள் ரயில் நிலையங்களின் அருகிலும் வணிகத் தெருக்களிலும் நிறைய இருக்கின்றன. முன்சில்லைத் தண்டவாளம் போன்ற காடியில் உருட்டி ஏற்றியவுடன் ஒரு கொளுக்கி "டக்" என்று பூட்டிக்கொள்ளும். திரும்பி வந்து, காடியின் இலக்கத்தை இயந்திரத்தில் அழுத்தி, காசு போட்டால் விடும். முதல் அரை மணியோ ஒரு மணியோ இலவசமாகவும், பிறகு சில மணிநேரத்துக்கு 100 அல்லது 200 யென்னாகவும் இருக்கும். இலக்கத்தை மாற்றி அழுத்தினால் அயலாரின் சைக்கிளுக்குப் புண்ணியம் செய்தவராவீர்கள். பெரிய கோயில்கள் சிலவற்றில் தனியான சைக்கிள் தரிப்பிடம் உண்டு. வாசலிலும் வேலியிலும் மரத்திலும் சாய்த்துவிடுவது கூடாது.

களவு குறைவு, இல்லை என்று சொல்ல முடியாது. பின்சில்லில் ஒரு வளையப் பூட்டு இருக்கும். இரண்டு நிமிடத்துக்கு இறங்கினாலும் பூட்டிச் சாவியை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நான் அண்மையில் வாங்கிய பாவித்த ஜப்பான் சைக்கிளின் உடலில், இருக்கைக்குக் கீழே, ஜப்பானிய எழுத்தும் இலக்கமும் கொண்ட சிறிய ஒட்டுத்தாள் இருக்கிறது. சுரண்டினாலும் போகவில்லை. அது என்ன?
– விவசாயி, தம்பலகாமம்

பதில்: சுரண்ட வேண்டாம், ஐயா, அது உங்கள் வண்டியின் பிறப்புச் சாட்சிப்பத்திரம். ஜப்பானில் சைக்கிள் வாங்கும் ஒவ்வொருவரும் களவுத் தடுப்புப் பதிவு செய்ய வேண்டும் என்று 1994 ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது. கடைக்காரரே சிறு கட்டணம் வாங்கிப் பதிந்து, அந்த ஒட்டுத்தாளை உடலில் ஒட்டிவிடுவார். அதில் உள்ள எழுத்துகள் எந்த மாகாணப் பொலிஸாரிடம் பதியப்பட்டது என்பதைச் சொல்லும். இலக்கம் முதல் உரிமையாளருக்குரியது. இரவில் வெளிச்சமில்லாமல் போகும் ஒருவரைப் பொலிஸார் மறித்தால் முதலில் குனிந்து பார்ப்பது இதைத்தான். எழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டினால், இப்போது நெல் மூட்டை சுமக்கும் உங்கள் வண்டி முன்பு எந்த மாகாணத்தில் யாரையோ ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டது என்பதை அறியலாம். வாடகை வண்டியிலும் இது இருக்கும். எடுத்தவுடன் அந்த இலக்கத்தைப் படம்பிடித்து வைத்திருங்கள். காப்பிடத்தில் எனக்குக் கைகொடுத்தது அதுதான்.

கேள்வி: ஒரே ஒரு நாள்தான் எனக்குக் கிடைக்கும். எந்த வழியாகப் போவது?
– தாதி, திருக்கடலூர்

பதில்: ஒரு நாளில் கியோட்டோவின் எல்லாவற்றையும் பார்க்க முயல்பவர் பஸ்ஸில் போகட்டும். சைக்கிளில் போகிறவர் காமோ ஆற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கோஜோ பாலத்தருகே கரையில் இறங்கி, காலை எட்டு மணிக்கு வடக்கு நோக்கித் தொடங்குங்கள். இரு கரைகளிலும் தண்ணீரை ஒட்டிப் பாதை செல்கிறது. மோட்டார் வாகனம் வராது, சமிக்ஞை விளக்கு கிடையாது, பாலங்கள் தலைக்கு மேலே கடந்துபோகும். சில இடங்களில் மண்ணும் சரளையுமாக இருப்பதால் வேகம் எடுபடாது. எடுக்கவும் வேண்டாம், குழந்தைகளும் நாய்களும் குறுக்கே வருவார்கள். ஏறத்தாழ நான்கு கிலோமீற்றரில் தகானோ ஆறும் காமோவும் கூடுகிற முக்கோண முனை வரும். இங்கே ஆற்றுக்குக் குறுக்கே ஆமை வடிவிலும் பறவை வடிவிலும் பெரிய மிதிகற்கள் போட்டிருக்கிறார்கள். சைக்கிளைக் கரையில் விட்டுவிட்டு அவற்றின்மேல் தாவிக் கடந்து பாருங்கள். கையில் சாப்பாடு மட்டும் வேண்டாம். மேலே வட்டமிடும் பருந்துகள் பின்னாலிருந்து சத்தமின்றி இறங்கிக் கையில் இருப்பதைப் பறித்துவிடும். எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள். கோணேசர் கோயில் வழியில் குரங்குக்குப் பழத்தைப் பறிகொடுத்த அனுபவம் இருப்பவர்களுக்குப் புரியும். பருந்து இன்னும் சுத்தமாக வேலையை முடிக்கும்.

அங்கிருந்து வடக்கே, கிதாஓஜி பாலத்தைக் கடந்ததும், 1924 இல் திறக்கப்பட்ட தாவரவியல் பூங்காவின் ஓரமாக நகராகிப் பாதை தொடங்கும். எண்ணூறு மீற்றர் நீளத்துக்குத் தொங்கு கிளைச் செர்ரி மரங்களைப் பந்தலிட்டு வளர்த்திருக்கிறார்கள். மற்ற மரங்களுக்குச் சில நாள் பிந்திப் பூப்பவை. பூத்திருந்தால் இறங்கித் தள்ளுங்கள். பூங்கொத்துகள் முகத்தில் படும் உயரத்தில் தொங்கும்.

இனி இறங்குமுகம். தெற்கே திரும்பி, பழைய அரண்மனையைச் சூழ்ந்த பெரிய பூங்காவுக்குள் நுழையுங்கள். அகன்ற வெளிகள் முழுவதும் கனத்த சரளைக்கல் பரப்பியிருக்கும். சைக்கிள் சில்லு அதில் புதையும். ஆனால் குனிந்து பார்த்தால், சரளையின் நடுவே ஒரு சாண் அகலத்தில் வழுவழுப்பான ஒற்றைக் கோடு வளைந்து வளைந்து போவது தெரியும். யாரும் போட்டதல்ல, பல்லாண்டுகளாக முன்னவர் சென்ற தடத்திலேயே பின்னவர் மிதித்ததால் உண்டான தடம். வயல் வரம்பில் சைக்கிள் ஓட்டிய கை இருந்தால் அதில் தப்பாமல் போகலாம். எதிரே ஒருவர் வந்தால் இருவரில் ஒருவர் சரளைக்குள் இறங்க வேண்டும். நான் போனபோதெல்லாம் எதிரே வந்தவர்தான் இறங்கினார், தலையையும் தாழ்த்தினார். மூன்றாம் முறை நான் முந்திக்கொண்டு இறங்கி, கல்லில் சறுக்கி, அவர் வந்து தூக்கிவிடும்படி ஆயிற்று.

பூங்காவின் தென்புறத்து மருதாமாச்சி வீதி வழியாகக் கிழக்கே ஆற்றைக் கடந்தால் ஒகசாகி. தலைநகரம் அமைந்து 1,100 ஆண்டு நிறைந்ததற்காக 1895 இல் எழுப்பிய ஹெயான் ஆலயம் இங்கே இருக்கிறது. இந்தப் பகுதியில் கட்டணத் தரிப்பிடத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு, பின்னேரத்தை நடந்து கழியுங்கள். பேரரசர் டோக்கியோவுக்குப் போய்விட்டபின் வாடிய நகருக்கு உயிர் கொடுக்க, பீவா ஏரியிலிருந்து மலையைக் குடைந்து கால்வாய் வெட்டினார்கள்; 1890 இல் அது நிறைவேறியது. அந்தத் தண்ணீரில் 1891 இல் மின்சாரம் எடுத்து, 1895 இல் ஜப்பானின் முதல் மின்சார டிராமை இந்த நகரில் ஓடவிட்டார்கள். வேலையைத் தலைமையேற்று நடத்திய தனாபே சகுரோ அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். படகுகளை வண்டியில் ஏற்றிச் சரிவில் இழுத்த 582 மீற்றர் தண்டவாளம் கெயாகே என்னும் இடத்தில் அப்படியே கிடக்கிறது. இரு பக்கமும் செர்ரி மரங்கள். அதன் மேல் நடந்து, நான்சென்ஜி கோயில் வளவுக்குள் செங்கல் வளைவுகளின் மேல் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டு, வடக்கே தத்துவவாதியின் பாதைக்குப் போங்கள். கியோட்டோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நிஷிதா கிதாரோ சிந்தித்தபடி நடந்த இரண்டு கிலோமீற்றர் கால்வாய்க் கரை அது. ஒடுக்கமானது, கல் பாவியது, சைக்கிளுக்குரியதன்று.

முழு மலர்ச்சி நாளைவிட அதற்கு மூன்று நான்கு நாள் பிந்தி இந்த இடத்துக்குப் போவதையே நான் விரும்புவேன். உதிர்ந்த இதழ்கள் தண்ணீரின் மேல் பாயாக மூடிக்கொண்டு நகரும். "ஹனாஇகடா", பூத்தெப்பம் என்பார்கள். நகரின் ஆறுகள் எல்லாம் தெற்கே ஓட, இந்தச் சிறு கால்வாய் மட்டும் வடக்கே ஓடுகிறது. ஆகவே நீங்கள் நான்சென்ஜிப் பக்கமிருந்து நடந்தால் பூத்தெப்பமும் உங்களோடு கூடவே வரும்.

கேள்வி: மழை வந்தால்?
– வாசகி, நிலாவெளி

பதில்: குடை ஆகாது என்று மேலே சொன்னேன். பலசரக்குக் கடைகளில் மலிவான மழையங்கி கிடைக்கும். தூறல் என்றால் போகலாம். அடைமழை என்றால் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 120 மீற்றர் நீளமுள்ள சஞ்சூசங்கென்தோ மண்டபத்துக்குப் போங்கள். கருணைத் தெய்வமான கன்னோனின் ஆயிரத்தொரு சிலைகளின் முன்வரிசையில் காவல் தெய்வங்களாக நிற்பவர்களுள் இந்திரனும் பிரமனும் இருக்கிறார்கள். ஊர்க்காரரைச் சந்தித்தது போல இருக்கும்.

கேள்வி: ரயரில் காற்றுப் போனால் என்ன செய்வது? அங்கே பாவிக்கும் வால்வு நம்முடையது போன்றதா, வேறா?
– சைக்கிள் திருத்துநர், மூதூர்

பதில்: மமாச்சரியில் இருப்பது நீங்கள் தினமும் கழற்றிப் பூட்டுகிற அதே வகை வால்வுதான்; உள்ளே சிறிய வால்ரியூப்பை உருவிப் பூட்டுகிற பழைய முறை. அந்த இறப்பர்த் துண்டை அங்கே "முஷிகோமு" என்கிறார்கள். பூச்சி இறப்பர் என்று பொருள். அது பழுதாகித்தான் பெரும்பாலும் காற்று இறங்கும் என்பதும் நீங்கள் அறிந்ததே. சைக்கிள் கடைகளில் காற்றடிக்கும் பம்ப் வெளியிலேயே வைத்திருப்பார்கள், கேட்டுவிட்டு அடிக்கலாம். வாடகை வண்டியில் பஞ்சர் என்றால் நீங்களாகக் கழற்றாமல் கடைக்குத் தொலைபேசி எடுங்கள், கை துருதுருத்தாலும்.